எடைமேடையில் காத்திருந்த சொற்கள்

புளியங்கரட்டு எடைமேடை, தன்மேல் ஏறி நின்றவர்களின் காதில் விழாமல் போன பேச்சுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கியது ஓர் ஆவணி மாதத்து வியாழக்கிழமை காலையில்; அன்றைக்கு ஊரில் குழாய்த் தண்ணீர் வராத எட்டாவது நாள் என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மரவள்ளிக் கிழங்கு ஏற்றி வந்த முதல் லாரியை மாதையன் மேடைமேல் நிறுத்திவிட்டு ஜன்னல் வழியாகத் தலையை நீட்ட, அறைக்குள்ளிருந்து சடையப்பன் வழக்கம்போல மைக்கில் "ரெடியா?" என்று கேட்க, அவன் "ரெடி" என்று குரல் கொடுக்க, கம்ப்யூட்டர் திரையில் பதினாலாயிரத்து முன்னூற்று இருபது கிலோ என்று எடை விழுந்தது, அதற்குக் கீழே, குறிப்பு என்று பேர் போட்டு எப்போதும் காலியாகவே கிடக்கும் கட்டத்தில், "டேய் மாதையா, மழ வருது, எருமைய அவுத்து உள்ள கட்டுடா" என்று ஒரு வரி விழுந்தது. சீட்டும் அப்படியே அச்சாகி வந்தது.

மாதையன் சீட்டைப் படித்துவிட்டு எஞ்சினை அணைத்தான். முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் அவனுடைய அப்பா காட்டிலிருந்து கத்திய பேச்சு அது. அன்றைக்கு இடி விழுந்து எருமை செத்துப்போனது. எனக்குக் கேட்கவேயில்லை என்று அவன் எவ்வளவோ சொல்லியும் நம்பாமல் அப்பா வேப்பமிளாறால் முதுகை உரித்துவிட்டார். "நான் பொய் சொல்லலைங்கறதுக்கு இப்பத்தான் ஒரு அத்தாட்சி வந்துருக்குது," என்று சீட்டை மடித்து ஆர்.சி. புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு, மில்லில் கொடுக்க வேறொரு சீட்டு வேண்டும் என்றான். அவன் வண்டியை இறக்கி ஏற்ற, சடையப்பன் மறுபடி எடை போட்டான். எடை அதே எடைதான், குறிப்பில் மட்டும் "சாப்பிட்டுட்டுப் போடா" என்று வந்தது.

எடைமேடை, கிழங்கை ஜவ்வரிசியாக்கும் சேகோ மில்காரர்கள் சங்கத்துக்குச் சொந்தம். வண்டிகளை வரிசைப்படுத்தி எடை போடுவது ஐம்பது வயது சடையப்பனின் வேலை. கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்வது இந்திராணியின் வேலை. அவளுக்கு முப்பத்தாறு வயது. அந்தக் கம்ப்யூட்டரில் ஓடும் எடை மென்பொருளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை எழுதியவளும் அவள்தான். ஆகையால் சடையப்பன் நேராக அவளிடம் போய், "கண்ணு, நம்ம மேடை பேசுது," என்றான். அவன் அதைச் சொன்ன தோரணை, சுவரில் பல்லி கத்துகிறது என்பதுபோல இருந்தது.

இந்திராணி யோசித்துப் பார்த்ததும் தப்பு எங்கே என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் எழுதியதில் இரண்டு பாதிகள் உண்டு. பின்பக்கம் என்று ஒன்று, கண்ணுக்குத் தெரியாதது. மேடையிலிருந்து வரும் ஒயரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். முன்பக்கம் என்று ஒன்று, திரையில் தெரிவது; அசலில் அது ஒரு வெப் பக்கம்தான், மேஜைக் கம்ப்யூட்டருக்கு ஏற்ற சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறது. ஒயரில் எடை வந்ததும் பின்பக்கம் 'எடை வந்திருக்கிறது' என்று ஓர் ஈவென்டை முன்பக்கத்துக்குக் கூவும். முன்பக்கம் அந்தப் பேருக்கு ஒரு காதை வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். காது வைத்திருந்தால் திரையில் எடை விழும். வைக்கவில்லை என்றால் கூவியது கூவியதுதான், காற்றோடு போய்விடும், பின்பக்கம் அதற்காக வருத்தப்படாது.

இதில்தான் வருஷக்கணக்காக ஒரு தொல்லை இருந்தது. காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் பின்பக்கம் சட்டென்று எழுந்துவிடும், முன்பக்கம் சோம்பல் முறித்து எழுந்து காது வைப்பதற்குள் முதல் வண்டியின் எடையைக் கூவி முடித்திருக்கும். திரையில் பூஜ்யம் நிற்கும், ஓட்டுநர் திட்டுவான். மேடை பேசத் தொடங்கியதற்கு முந்தின நாள்தான் இந்திராணி மேடையின் வழக்கத்தையே எடுத்து மென்பொருளுக்குள் வைத்தாள். இனிமேல் முன்பக்கம் காதெல்லாம் வைத்து முடித்தபிறகு 'ரெடி' என்று பின்பக்கத்துக்குச் சொல்ல வேண்டும். அதுவரைக்கும் பின்பக்கம் எதையும் கூவாமல் சேர்த்து வைத்திருந்து, ரெடி வந்ததும், கேட்கப்படாமல் இருப்பவற்றைப் பழையதிலிருந்து தொடங்கி, ஒரு தரத்துக்கு ஒன்றாகக் கொடுக்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான். எப்போதிலிருந்து கேட்கப்படாதவை என்று ஒரு தேதி போட வேண்டும், போட மறந்துவிட்டாள். எடை மட்டும்தான் என்று ஒரு வேலி கட்ட வேண்டும், அதையும் மறந்துவிட்டாள். ஆக, உலகம் தோன்றிய நாள் முதலாகக் கேட்கப்படாமல் போனதெல்லாம் புளியங்கரட்டு எடைமேடையின் பின்பக்கத்தில் வந்து வரிசை கட்டிவிட்டது.

"திருத்திரலாம், ஒரு வரி வேலைதான்," என்றாள் இந்திராணி. "அவசரமில்ல," என்றான் சடையப்பன். மாதையன் வண்டி போனதுமே அவனே மேடையில் ஏறி நின்று, "ரெடி" என்று சொல்லிப் பார்த்திருந்தான். "சடையா, டிரவுசர் பின்னால கிழிஞ்சிருக்கு" என்று வந்தது. மூன்றாம் வகுப்பில் பள்ளிக்கூடமே சிரித்தபோது, தன்னிடம் ஒருத்தர்கூடச் சொல்லவில்லையே என்று அன்றிலிருந்து அவனுக்கு ஒரு குறை உண்டு. யாரோ சொல்லித்தான் இருக்கிறார்கள் என்று தெரிந்ததில் அவனுக்கு மனசு லேசானது.

முதலில் புகார் கொண்டு வந்தவர் பெரிய மில் மேனேஜர் வையாபுரி. "எங்க ஆபீசு ஃபைலுல, கிழங்கு எடைச் சீட்டுல, 'டேய் கழுத, வேட்டியில தீ' அப்படின்னு இருக்குது. ஆடிட்டர் கேட்டா நான் என்னன்னு சொல்றது?" என்று அவர் கத்த, சடையப்பன் அவரைச் சமாதானப்படுத்தி மேடையில் நிற்கவைத்தான். வந்த சீட்டைப் படித்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி படித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். ஃபைலில் குறிப்பு இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று மறுநாள் ஆள் அனுப்பிச் சொன்னார்.

பிறகு எடையளவு ஆய்வாளர் வந்தார். முத்திரை வைத்த எடைக்கல்லை மேடையின் நாலு மூலையிலும் வைத்துப் பார்த்தார். எடை ஒரு கிலோகூடத் தப்பவில்லை. சட்டப் புத்தகத்தை விரித்து, எடை சரியாக இருக்க வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது, குறிப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்று முடிவுசெய்து, புது முத்திரை குத்தினார். போகிறபோது, சோதனைக்காக என்று சொல்லிக்கொண்டு, தானும் ஒருதரம் ஏறினார்.

புரட்டாசிக்குள் ஊர் முழுக்க மேடைக்கு வர ஆரம்பித்தது. பஞ்சாயத்தில் கூடிப் பேசி, வண்டிகளுக்குத்தான் முதல் உரிமை என்றும், மனிதர்களுக்குப் பதினொன்றிலிருந்து ஒன்று வரைக்கும் என்றும், ஓர் ஆளுக்கு ஒருநாளைக்குப் பத்து வரி என்றும் சட்டம் போட்டார்கள். ஒவ்வொரு வரிக்கும் ஏறி இறங்க வேண்டும், ஏனென்றால் மேடை பூஜ்யத்துக்குத் திரும்பினால்தான் அடுத்த எடை. பழையதிலிருந்துதான் வரும் என்பதால் நினைத்த பேச்சு நினைத்தவுடன் கிடைக்காது. கேட்காமல் விட்டதையெல்லாம் கேட்டு முடித்துத்தான் வேண்டியதற்கு வந்து சேர முடியும். ஊர்க்காரர்கள் என்னென்னவோ எதிர்பார்த்து ஏறினார்கள். புதையல் இருக்கும் இடத்தைத் தாத்தா சொல்லியிருப்பார் என்று ஒருத்தன் ஒரு மாசம் ஏறி இறங்கினான். வந்ததெல்லாம் கதவைச் சாத்து, உப்பு போதுமா, மெதுவாப் போ, எந்திரி நேரமாச்சு, குடையை எடுத்துக்கோ. மனிதர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதில் முக்கால்வாசி அவ்வளவுதான் என்று தெரிந்து ஊர் கொஞ்ச நாள் சப்பென்றிருந்தது. அப்புறம் அதுவே பழகிவிட்டது.

சீட்டால் வந்த சங்கடம் வேறு மாதிரியானது. கேட்காத பேச்சுக்குத்தான் சீட்டு வரும், கேட்ட பேச்சுக்கு வராது. ஆகவே எனக்குக் கேட்கவில்லை என்று இத்தனை நாள் சாதித்தவர்களெல்லாம் மேடை ஏற வேண்டியதாயிற்று. ஏறி, அந்த வரி வராவிட்டால், ஐயா அன்றைக்கு நன்றாகவே கேட்டிருக்கிறார் என்று அர்த்தம். தண்ணீர் முறை தப்பியவன், கல்யாணத்துக்குக் கூப்பிடவில்லை என்று கோபித்துக்கொண்ட பங்காளி, மாமியார் கூப்பிட்டது காதில் விழவில்லை என்ற மருமகள் என்று இரண்டு மாசத்தில் புளியங்கரட்டில் நடந்த சண்டை அதற்கு முந்தைய இருபது வருஷத்தில் நடக்கவில்லை. கடைசியில் "கேக்கல" என்ற சொல்லே ஊரில் செத்துப்போயிற்று. அதற்குப் பதிலாக இன்னொன்று வந்தது. யாரிடமும் எதையும் சொல்வதற்கு முன்னால் "ரெடியா?" என்று கேட்கவும், எதிராளி கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு "ரெடி" என்று சொன்ன பிறகே பேசவும் ஊர் கற்றுக்கொண்டது. அடுப்படியிலிருந்து "ரெடியா?" என்று பெண்டாட்டி கேட்பாள், பேப்பரை மடித்துவிட்டு "ரெடி" என்பான் புருஷன், "ரசத்துக்குப் புளி இல்ல" என்பாள். இதனால் ஊரில் பேச்சு பாதியாகக் குறைந்தது, ஆனால் பேசியது எல்லாம் போய்ச் சேர்ந்தது.

மேடைக்குத் தவறாமல் வந்தவள் தையல்காரி குப்பாயி. அவளுடைய அம்மா ஆஸ்பத்திரியில் செத்தபோது குப்பாயி மருந்துக் கடையில் நின்றுகொண்டிருந்தாள். கடைசியாக அம்மா தன்னை அழைத்து என்ன சொன்னாள் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று தினமும் பத்து வரி வாங்கினாள். "தலையத் தொவட்டு, சளி புடிக்கும்" என்பதே நூறு தரத்துக்கு மேல் வந்தது. ஐப்பசியில் ஒருநாள் சட்டென்று வருவதை நிறுத்திவிட்டாள். "இன்னம் எட்டு வருசத்துப் பேச்சு பாக்கி இருக்குங்க. அத்தனையும் வாங்கிட்டா அப்புறம் எங்கம்மா என்கிட்ட சொல்றதுக்கு ஒன்னுமே இருக்காது. கெடக்கட்டும்," என்றாள்.

ஊரில் மேடை ஏறாத ஆள் ஒருத்திதான் இருந்தாள், அது இந்திராணி.

அவளுடைய புருஷன் தவமணி, அவளுக்கு மாமன் மகன், லாரி ஓட்டியவன், ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டை விட்டுப் போனான். குஜராத் பக்கம் டேங்கர் ஓட்டுகிறான் என்று தெரியும். போன் நம்பர்கூட இருந்தது. அவனாகப் பேசட்டும் என்று இவள் பேசவில்லை, அவனும் பேசவில்லை. எந்தச் சண்டையும் இல்லை, ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்று இந்திராணி ஊரில் சொல்லியிருந்தாள், ஊரும் நம்பியது. சீட்டு வாங்காமல் ஒரு வண்டி மேடையை விட்டு இறங்கினால், "பாரு, தவமணி மாதிரி போறான்," என்பான் சடையப்பன். பந்தியில் பாதியில் எழுந்தவனை, சம்பளம் வாங்கிக்கொண்டு வேலைக்கு வராமல் போனவனை, எல்லாரையும் ஊர் அப்படித்தான் சொன்னது. தவமணியின் தங்கச்சி கல்யாணத்துக்கே அவனைக் கூப்பிடக் கூடாது என்று அவன் வீட்டார் முடிவு செய்தார்கள், அதையும் இந்திராணியின் முகத்துக்காகவே செய்தார்கள்.

ஆனால் அவன் போன காலையில் நடந்ததில் ஒன்றை அவள் யாரிடமும் சொன்னதில்லை. இந்த எடை மென்பொருளின் முதல் பிரதியை அப்போதுதான் வீட்டில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். காதில் ஹெட்போன். வாசற்படியில் தவமணி நின்று ஏதோ சொன்னது கண்ணோரத்தில் தெரிந்தது. திரையை விட்டுத் திரும்பாமல் "ம்" என்றாள். அவ்வளவுதான். என்ன சொன்னான் என்று ஆறு வருஷமாக அவளுக்குத் தெரியாது. அன்று மாலையே ஹெட்போனைக் கழற்றி ஆணியில் மாட்டியவள் மறுபடி அதைத் தொடவில்லை.

மேடை ஏறினால் அந்த வரி வந்துவிடும் என்று பயந்தாள். வராமல் போய்விடுமோ, அவன் உதட்டை அசைத்தது வேறெதற்கோ, உண்மையிலேயே ஒன்றும் சொல்லாமல்தான் போனானோ என்றும் பயந்தாள். இரண்டு பயமும் சேர்ந்து நாலு மாசம் அவளை நாற்காலியிலேயே உட்கார வைத்திருந்தன.

மார்கழிக் கடைசியில் சங்கம் கூடியது. தை பிறந்தால் கிழங்கு சீசன்; ஒருநாளைக்கு இருநூறு வண்டி வரும்; மனிதர்கள் குறுக்கே நின்றால் வண்டி வரிசை ஏரிக்கரையைத் தாண்டிவிடும். போகிப் பண்டிகை அன்று மத்தியானம் ஒரு மணியோடு பழைய பேச்சையெல்லாம் நிறுத்திவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டு, வையாபுரி கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தார். "தேதி போட்ரும்மா. தை ஒன்னுலேர்ந்து கேட்காதது மட்டும் இருந்தாப் போதும்," என்றார்.

"அப்ப பழசெல்லாம்?" என்றாள் இந்திராணி.

"பழசெல்லாம் போகியோட போவட்டும்."

அவர் போன பிறகு சடையப்பன் டீக்கிளாசைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "ரெடியா கண்ணு?" என்றான். அவள் கீபோர்டிலிருந்து கையை எடுத்து, "ரெடிங்கண்ணா," என்றாள். "நீ ஒருக்காகூட ஏறல. இன்னம் ரெண்டு நாளுதான் இருக்குது. அப்புறம் எந்தச் சாமி வந்தாலும் குடுக்காது," என்றான். இந்திராணி மறுபடி கீபோர்டில் கையை வைத்தாள். அன்று பூராவும் அவளுக்கு வேலை ஓடவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கு, செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, எடைமேடையில் ஏறினாள்.

"ரெடியா?" என்று மைக்கில் கேட்டான் சடையப்பன்.

"ரெடி."

ஐம்பத்தைந்து கிலோ என்று விழுந்தது. "பாப்பா, மண்ணத் துப்பு," என்று வாசித்தான்.

பத்து வரிச் சட்டத்தை அன்றைக்கு யாரும் ஞாபகப்படுத்தவில்லை. அவள் இறங்கினாள், பூஜ்யம் வந்தது, ஏறினாள், ரெடி என்றாள், ஒரு வரி வந்தது, இறங்கினாள். பத்து மணிக்குள் அச்சுக் காகிதம் தீர்ந்துபோனதால் அச்சை நிறுத்திவிட்டு, சடையப்பன் ஒவ்வொரு வரியையும் மைக்கிலேயே வாசித்தான், ஊர் முழுக்கக் கேட்டது. இந்திராணி பாலைக் குடி, இந்திராணி லைட்டை அணை, இந்திராணி எத்தன தரம் கூப்புடறது என்று அவளுடைய பிள்ளைப் பருவம் முழுவதும் ஒலிபெருக்கியில் போனது. சின்ன வயசிலிருந்தே அவள் எதையும் காதில் வாங்காத பிறவி என்று ஊருக்குத் தெரிந்தது, தெரிந்ததில் ஊருக்குக் கொஞ்சம் சிரிப்பும் வந்தது. வண்டிகள் ஓரமாக நின்றன. மாதையன் தன் லாரியை மேடைக்குக் குறுக்கே நிறுத்தி வேறு வண்டி நுழையாமல் பார்த்துக்கொண்டான். இருட்டும்போது அவள் கல்லூரி மூன்றாம் வருஷத்துக்கு வந்திருந்தாள், முழங்கால் வீங்கியிருந்தது.

போகி அன்று காலை ஊரெல்லாம் பழைய பாயும் முறமும் எரிந்த புகை. மறுபடி ஏறினாள். பதினொரு மணிக்கு மேடையின் பேச்சில் அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. அந்நேரம் குப்பாயி வந்து வரிசையில் நின்றாள், அவளுக்குப் பின்னால் இன்னும் நாற்பது பேர் நின்றார்கள். ஒரு மணி வரைக்குமான அந்த நேரம் அவர்களுடைய உரிமை. அம்மாவின் எட்டு வருஷத்துப் பேச்சு ஒரு மணியோடு போய்விடும் என்பதால் கடைசியாக முடிந்தவரை வாங்கிக்கொள்ளலாம் என்று குப்பாயி வந்திருந்தாள். மேடைமேல் மூச்சு வாங்க நின்ற இந்திராணியைப் பார்த்தாள்.

"ரெடியா?" என்றாள் குப்பாயி.

"ரெடிக்கா."

"எங்கம்மா சொன்னதுதான் எனக்குத் தெரியுமே. தலையத் தொவட்டுன்னுதான் சொல்லியிருக்கும். நீ நில்லு." சொல்லிவிட்டு வரிசையிலிருந்து விலகி வேலிக் கல்லில் உட்கார்ந்துகொண்டாள், முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அவள் உட்கார்ந்த பிறகு மற்றவர்களும் ஒவ்வொருவராக விலகினார்கள்.

அதற்குப் பிறகு வந்ததெல்லாம் தவமணி. இந்து, சாப்புட வா. இந்து, இந்தச் சட்டை நல்லாருக்கா. இந்து, நெலா பாரு. இந்து, கை சுட்டுக்கிச்சு. ஒரு வருஷம், இரண்டு வருஷம், மூன்று வருஷம். சடையப்பனுக்குக் குரல் கம்மிப்போயிற்று, ஆனாலும் நிறுத்தவில்லை. ஊரில் இப்போது யாரும் சிரிக்கவில்லை. பன்னிரண்டரைக்கு "இந்து, உன்கிட்ட ஒன்னு பேசணும்" என்று வந்தது. இறங்கி ஏறினாள். "இந்து, குசராத்து வேலைக்கு ஆள் கேக்கறாங்க, உன்னக் கேக்காம ஒன்னும் சொல்லல" என்று வந்தது. "இந்து, ஒன்னு பேசணும், எப்பச் சும்மா இருப்ப." "இந்து, நாளைக்குள்ள பதில் சொல்லணும்." "இந்து." "இந்து."

ஒரு மணிக்கு நாலு நிமிஷம் இருக்கும்போது சடையப்பன் திரையைப் பார்த்துவிட்டு வாசிக்காமல் நிறுத்தினான்.

"வாசிங்கண்ணா," என்றாள் இந்திராணி மேடையிலிருந்து.

"நான் கெளம்பட்டுமா இந்து, இல்ல இருக்கட்டுமா?" என்று வாசித்தான்.

மேடை ஐம்பத்தைந்து கிலோ என்றே காட்டிக்கொண்டிருந்தது. அதற்குத் தான் சொன்ன பதில் இந்திராணிக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அவள் இறங்கினாள். பூஜ்யம் வரட்டும் என்று காத்திருந்து மறுபடி ஏறினாள். "ரெடி," என்றாள்.

"சரி," என்று வாசித்தான் சடையப்பன். அவள் 'ம்' என்றதற்குத் தவமணி சொல்லிவிட்டுப் போனது அது.

இன்னொருதரம் இறங்கி ஏறினாள். எடை மட்டும் விழுந்தது, குறிப்பு காலி. அதற்குப் பிறகான ஆறு வருஷத்தில் அவளுக்குக் கேட்காமல் போன பேச்சு ஒன்றுகூட இல்லை. அந்த ஆறு வருஷமும் அவள் வாசற்படியைப் பார்த்துக் காதைத் திறந்து வைத்துக்கொண்டேதான் இருந்தாள்.

கூட்டத்தில் தவமணியின் தங்கச்சி நின்றிருந்தாள். அவள் வீட்டுக்கு நடந்தாள். ஊர் இந்திராணியைத் திட்டவுமில்லை, தேற்றவுமில்லை. சங்கத்தின் கடிகாரத்தில் ஒரு மணி அடித்ததும் வையாபுரி மட்டும் தொண்டையைச் செருமினார். இந்திராணி உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்து, மறந்துபோன அந்த ஒரு வரியை எழுதினாள். தேதியில் பிழை இல்லை. அடுத்து மேடை ஏறிய மாதையனுக்குப் பதினாலாயிரம் கிலோவும் காலிக் குறிப்பும் கிடைத்தன. அவன் ஏதோ நினைப்பில் சீட்டு வாங்காமல் வண்டியை நகர்த்த, சடையப்பன் வாயைத் திறந்து, எப்போதும் சொல்கிறதைச் சொல்லப்போய், மூடிக்கொண்டான். அந்தச் சொல்லும் அன்றோடு புளியங்கரட்டில் செத்துப்போயிற்று.

இந்திராணி போனை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, காலியாகக் கிடந்த மேடையின் விளிம்பில் உட்கார்ந்தாள். தவமணியின் நம்பரைப் போட்டாள்; ஐந்தாவது தரம் மணி அடித்ததும் எடுத்தான். டேங்கர் ஓடுகிற இரைச்சல்.

"இந்துவா?" என்றான்.

சொல்ல வந்ததை அவள் சொல்லவில்லை. "ரெடியா மாமா?" என்று கேட்டாள்.

எடைமேடைகளில் ஏறி இறங்கியே வயசைக் கழித்தவன் அவன். அந்தக் கேள்வியை யார் கேட்டாலும் எங்கே கேட்டாலும் அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். "கொஞ்சம் பொறு, வண்டிய ஓரங்கட்டிக்கறேன்," என்றான். பிரேக் சீறியது. எஞ்சின் இரைச்சல் குறைந்து, குறைந்து, நின்றது. அந்தப் பக்கம் காற்று அடிக்கும் சத்தம்கூடக் கேட்டது.

"ரெடி," என்றான் தவமணி.

"அன்னிக்கு வாசப்படியில நின்னு கேட்டீங்கல்ல," என்றாள் இந்திராணி. "இருங்க மாமா. போவாதீங்க."